தீவுக் கிணற்றில் நூற்றெட்டுக் குடம்

ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த நாம் எல்லோரும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். நான் அதில் இதுவரை ஒரு காலை வணக்கம்கூடப் போட்டதில்லை. போன வாரம் நம்மில் ஒருவர் தன் மகன் லட்சத்தீவுக்குப் போய் எடுத்த படங்களைப் போட்டிருந்தார். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு நிறத்தில் தண்ணீர், அடியில் கலர் கலராக மீன். “நம்ம காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தோம்” என்று கீழே எழுதியிருந்தார். ஆமாம் ஆமாம் என்று நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள்.

நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் ஐந்து வாரம் அங்கே இருந்தேன். ஜூன் மாதம் நீங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது நான் வரவில்லை. அதற்கும் தீவுக்கும் சம்பந்தமில்லை. அப்பா என்னைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலைக்கு விட்டுவிட்டார். இன்றைக்கும் அதே தெருவில் வேறொரு லாட்ஜில்தான் இருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பிரசவத்துக்காகத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பாவுக்கு அந்தத் தீவில் மின்சார எஞ்சின் ஓட்டும் வேலை. சித்தி அதுவரை அங்கே போனதில்லை, மாமியார் வீட்டில்தான் இருந்தாள். ஆடி மாதம் பெண் குழந்தை பிறந்தது. இருபத்தாறு நாள் இருந்தது. காய்ச்சல் என்றார்கள். தந்தி அடித்தார்கள். மழைக்காலத்தில் தீவிலிருந்து கப்பல் கிடையாது. சித்தப்பா வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சித்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. சொன்ன வேலையைச் செய்வாள், போட்ட சோற்றைச் சாப்பிடுவாள், எனக்குத் தலை வாரிவிடுவாள். வாயை மட்டும் திறக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “ஏட்டி, எங்க, அம்மான்னு சொல்லு” என்று கேட்டார்கள். பேசுவாளா என்று பார்க்க ஒருத்தி சூடான கரண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்மா தட்டிவிட்டாள்.

புத்தி கலங்கியவர்களை நம் ஊரில் அருவியில் நிறுத்துவது உங்களுக்குத் தெரியும். புளியங்குடி எலுமிச்சம்பழத்தை உச்சியில் தேய்த்து, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, மெயினருவியில் கொண்டு நிறுத்துவார்கள். அம்மா அந்தச் சாரல் காலத்தில் பாதி நாள் சித்தியை நிறுத்தினாள். ஐப்பசி மழையிலும் நிறுத்தினாள். சித்தி நனைந்தாள், அவ்வளவுதான்.

தை மாதம் சித்தப்பா கடிதம் எழுதினார், அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. அதற்குள் சித்தப்பாவின் அம்மா வேறு பெண் பார்க்கிறாள் என்ற பேச்சு வந்துவிட்டது. சித்தப்பா அனுமதிச் சீட்டு வாங்கி அனுப்பினார். அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் சித்திரையில் கிளம்பினோம். அம்மா ஒரு பெட்டியும், கோணிப்பை நிறைய எலுமிச்சம்பழமும், சித்தி எழுதிக் காட்டட்டும் என்று ஒரு சிலேட்டும் எடுத்துக்கொண்டாள்.

செங்கோட்டையில் ரயில் ஏறி, குகைகளைத் தாண்டி, கொல்லம் போய், கொச்சியில் கப்பல் ஏறினோம். கப்பலைப் பற்றி எனக்கு நினைவிருப்பது பெயிண்ட் வாசனையும் வாந்தியும்தான். தீவுக்குப் பக்கத்தில் கப்பல் போகமுடியாது. பாறை. கடலுக்கு நடுவிலேயே நின்றுவிட, சின்னப் படகு ஒன்று பக்கத்தில் வந்து ஏறி இறங்கி ஆடியது. அது மேலே வரும்போது குதிக்க வேண்டும். ஒரு ஆள் என்னைத் தேங்காய் மூட்டை மாதிரி தூக்கி எறிந்தான், இன்னொருவன் பிடித்தான். சித்தி கையிலிருந்த சிலேட்டு கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தது. சித்தி அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாறையைத் தாண்டியதும் தண்ணீர் அசையாமல் நின்றது. அடியில் மணல் தெரிந்தது. படகின் நிழல் மணலில் கூடவே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நமக்குத் தண்ணீர் என்றால் சத்தம் போட்டுக்கொண்டு மேலேயிருந்து விழ வேண்டும். இது பேசாமல் கிடந்தது.

அந்த ஊரில் நாய் இல்லை. காக்கை இல்லை. தெருவெல்லாம் வெள்ளை மணல். எங்கே போனாலும் காயவைத்த சூரை மீன் வாசனையும், சித்தப்பாவின் சட்டையில் டீசல் வாசனையும். அன்று மத்தியானமே அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு வந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சித்தியும் இருந்தாள்.

“மைனி, அவ இங்கனயே இருக்கட்டும்” என்றார் சித்தப்பா. “பேசலேன்னா என்ன? நான் என்ன அவகிட்ட கதையா கேக்கப் போறேன்?”

“நீங்க சொல்லிருவீய தம்பி. பொழுதன்னைக்கும் எஞ்சின்ல போய் நிப்பீய. ஒரு வயித்துவலின்னா இவ யார்ட்ட சொல்லுவா? சுத்திக் கடலு. ஊமையா ஒருத்திய இங்கன வுட்டுட்டுப் போயி நான் எப்படித் தூங்குவேன்?”

“நீங்க திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டீயன்னா எங்கம்மா வாய என்னால அடைக்க முடியாது. இப்பமே பண்பொழில ஒரு வீட்ல பேசிட்டு வந்துட்டா.”

அம்மா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். “மழைக்கு முந்தின கடைசிக் கப்பல் வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள ஒரு வார்த்த பேசட்டும். ‘யக்கா நீ போ’ன்னாவது சொல்லட்டும். சந்தோசமா வுட்டுட்டுப் போறேன். இல்லேன்னா சாரலுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

சித்தப்பா சரி என்றார். சித்தி எழுந்து எல்லோருடைய தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தாள். நான் அவளை உம்மா என்று கூப்பிட வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். என் வெட்கத்தில் நான் எதுவும் கூப்பிடவில்லை. பெரிய உருவம், காது முழுக்க வளையம். அவள் பேச்சு மலையாளம் மாதிரி, ஆனால் நம் செங்கோட்டைச் சந்தையில் கேட்கிற மலையாளம் இல்லை. அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அம்மா பத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள். உம்மா அதை மீனோடு சேர்த்து ஊறுகாய் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “தலைக்குத் தேய்க்க வேண்டியத மீன்ல போட்டுட்டாளே” என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தாள். ஆனால் சாப்பிட்டாள்.

அந்தத் தீவில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. அவள் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள், புருஷன்தான் வந்துபோவான். உம்மாவின் புருஷன் நாள்தோறும் பொழுது சாய்கிற நேரம் ஒரு விருந்தாளி மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வருவார். சித்தி இவ்வளவு தூரம் கப்பலில் புருஷன் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து உம்மாவுக்குச் சிரிப்பு. “ஆணுங்களுக்கு இவிட நடக்கான் அறியும்” என்றாள். ஆம்பளைகளுக்கு இங்கே நடக்கத் தெரியும் என்று அர்த்தம். சித்தியின் உதடு கொஞ்சம் அசைந்தது. அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. கிணறு என்று சொல்வதா, குழி என்று சொல்வதா. நீங்கள் குனிந்து கையை நீட்டினால் தண்ணீர் தட்டும். ஒரு குச்சியில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில்தான் கோருவார்கள். குடிக்க, சமைக்க, கால் கழுவ எல்லாம் அதுதான். குளிப்பதற்கு உம்மா இரண்டே செம்பு எடுப்பாள். அம்மாவுக்கு அது சுத்தமில்லாத பழக்கமாகப் பட்டது.

காலையில் கடல் வற்றியிருக்கும்போது உம்மா ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போவாள். பாறை இடுக்கில் இருக்கும் கணவாய் மாதிரி ஒன்றை, எட்டுக் கால் உள்ளதை, குத்தி எடுப்பாள். ஒருநாள் சித்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அம்மாவுக்குக் கடல் பயம். அவள் வரவில்லை.

முழங்கால் தண்ணீரில் நடந்தோம். இன்றைக்கு அந்தப் படங்களில் நீங்கள் பார்த்ததெல்லாம் என் காலடியில் இருந்தது. நீல நிறத்தில் விரல் விரித்த மாதிரி நட்சத்திர மீன். வெள்ளரிக்காய் மாதிரி அசையாமல் கிடக்கும் கடல் அட்டை. மிதித்தால் விறைத்துக்கொள்ளும். மான்கொம்பு மாதிரி பவளம், அதற்குள் தீக்குச்சி நீளத்தில் மஞ்சள் மீன்கள், ஒரே நேரத்தில் உள்ளே போகும், ஒரே நேரத்தில் வெளியே வரும். சிப்பிக்குள் ஒரு நண்டு குடியிருந்தது. என் ரப்பர் செருப்பு ஒன்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

உம்மா ஒரு இடுக்கில் கம்பியை விடப்போனவள் நிறுத்திக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். நான் கையை நீட்டினேன். “தொடண்டா மோனே. முட்ட உண்டு” என்றாள். தொடாதே, முட்டை இருக்கிறது என்று அர்த்தம். நாங்களும் குனிந்து பார்த்தோம். பாறையின் கூரையிலிருந்து அரிசிச் சரம் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. அதற்கு முன்னால் அந்த எட்டுக்கால் பிராணி தன்னைச் சுருட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கண் எங்களைப் பார்த்தது. மெதுவாகத் தண்ணீரை ஊதி ஊதிச் சரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

“முட்ட விரியும் வரை தின்னாது” என்றாள் உம்மா. “விரிஞ்ஞா சாகும்.” முட்டை பொரிந்ததும் செத்துவிடுமாம்.

“பிள்ளையளப் பாக்குமா?” என்று சித்தி கேட்டாள்.

குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. மற்றபடி பழைய குரல்தான்.

உம்மா யோசித்தாள். “கொறச்சு காணும்” என்றாள். கொஞ்சம் பார்க்கும்.

சித்தி தலையை ஆட்டினாள். உம்மா அடுத்த இடுக்குக்குப் போனாள். அவளுக்கு இது ஒரு செய்தியே இல்லை. அதிகம் பேசாத ஒரு பெண் ஏதோ கேட்டாள், அவ்வளவுதான். சித்தி பேசாதவள் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடாது என்று அம்மா சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், வெளியே தெரிந்தால் அவமானம் என்று.

திரும்பி வரும்போது சித்தி, “பாத்து கால வைலே, கிழிச்சிரும்” என்றாள் என்னிடம்.

பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் போனோம். பாறையில் மட்டும் பேசினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பாள். உம்மாவிடம் இது பெயர் என்ன, அது பெயர் என்ன என்று கேட்பாள். அந்த இடுக்கை நாள்தோறும் எட்டிப் பார்ப்பாள். கரை ஏறினால் வாய் மூடிக்கொள்ளும். வீட்டில் அம்மா, “இன்னைக்கு என்ன பாத்தீய?” என்று கேட்பாள். “மீன்” என்பேன் நான்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் அம்மா உடனே அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்க பேசு என்பாள். அந்தக் கரண்டி எனக்கு நினைவிருந்தது. அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தி எங்களோடு திரும்பி வரவேண்டும் என்ற ஆசையும் இருந்ததா என்பது தெரியவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான்.

கடைசிக் கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. அம்மா கோணிப்பையை அவிழ்த்து மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களைக் கொட்டினாள். பாதி அழுகியிருந்தது. “இங்கன அருவி இல்லேன்னா என்ன? தண்ணி இருக்குல்லா” என்றாள். சித்தப்பா எஞ்சினுக்குப் போயிருந்தார். உம்மா தீவின் மறுகோடியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள், மூன்று நாள்.

அம்மா சித்தியைக் கிணற்றுப் பக்கம் உட்காரவைத்து, உச்சியில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, குடம் குடமாகக் கோரி ஊற்றினாள். உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு ஊற்றினாள். என்னை எண்ணச் சொன்னாள். நூற்றெட்டு எண்ணினேன். அடுத்த நாளும் நூற்றெட்டு. சிரட்டைக்குப் பதிலாக வாளியைக் கட்டிக்கொண்டாள். கிணறு குறையவே இல்லை. எடுக்க எடுக்க அதே மட்டம். “பாத்தியா, சாமி குடுக்குது” என்றாள் அம்மா. அம்மாவின் கை இரண்டிலும் கொப்புளம் வந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் எழுபதோ எண்பதோ ஊற்றும்போது சித்தி வாயில் விழுந்த தண்ணீரைத் துப்பினாள். பேசப்போகிறாள் என்று நினைத்து அம்மா வேகவேகமாக ஊற்றினாள். சித்தி இன்னொரு முறை துப்பினாள். அம்மா ஒரு கை தண்ணீர் எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பு.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டுக் கிணற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டார். “மைனி, இது என்ன மெயினருவியா? கீழ முழுக்க உப்புத் தண்ணி. மேல மழைத்தண்ணி பாலாட மாதிரி மெதந்துகிட்டு கெடக்கு. கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். அள்ளுனா கீழ உள்ளது மேல வந்துரும். இங்கன சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே.”

“எனக்கு யாரு சொன்னா?” என்றாள் அம்மா. “தண்ணி எடுத்தா தண்ணி கெட்டுப்போவும்னு நான் எங்க கண்டேன்?”

உம்மா கல்யாண வீட்டிலிருந்து வந்தாள். ஒரு சிரட்டை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். கிணற்றையும், ஈரமாகக் கிடந்த எலுமிச்சம்பழத் தோலையும் பார்த்தாள். திட்டவில்லை. “மழ வந்நா சரியாகும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் கிணற்றுக்குப் போய்வந்தாள். எங்களுக்கும் ஒரு குடம் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். காலை நேரம் முழுக்கத் தண்ணீர் சுமக்கவே அவளுக்குச் சரியாக இருந்தது. பாறைக்கு யாரும் போகவில்லை. சித்தி ஜன்னலில் நின்று உம்மா போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையில் பேசியதும் நின்றுபோனது.

கப்பல் வந்தது. வானம் அதற்குள் கருத்திருந்தது. சித்தப்பா எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். அம்மாவும் சித்தியும் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். சித்தப்பா என்னைத் தூக்கிப் படகில் வைக்கும்போது அப்படியே நிறுத்திக்கொண்டார். அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

“ஏலே, பாறைக்கெல்லாம் போனீயளே. உங்க சித்தி உங்கிட்ட ஏதாச்சும் பேசுனாளாலே? ஒரு வார்த்த?”

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என்னைச் சித்தி பக்கத்தில் உட்காரவைத்தார்.

இரண்டு நாள் கழித்து ரயில் செங்கோட்டையில் நின்றது. தூறிக்கொண்டிருந்தது. டீ விற்கிறவர் ஜன்னலுக்கு வந்தார். “ஒரு டீ குடுங்க அண்ணாச்சி, சீனி கம்மியா” என்றாள் சித்தி. அம்மா அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். “நூத்தியெட்டுக் குடம் வீண்போகல” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். சாகும்வரை சொன்னாள். உங்களிலும் யாராவது கேட்டிருக்கலாம்.

சித்தப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். கடல் திறந்ததும் அவரே வந்தார். சித்தி அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். போக மாட்டேன் என்றாள்.

“அந்தம்மா குடங்குடமா சுமந்தா. எனக்கும் ஒண்ணு கொண்டுவந்து வச்சா. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“ஏட்டி, கிணறு மழையில சரியாயிட்டு. அவளே உன்னக் கேட்டா.”

“சரியாயிருக்கும்” என்றாள் சித்தி. இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வருடம் பண்பொழியில் அவருக்குக் கல்யாணம் ஆனது.

சித்தி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வாய் மூடுவதில்லை. டிவி பார்த்துக்கொண்டே நாடகத்தில் வருகிறவர்களைத் திட்டுவாள். பூக்காரியிடம் கால் மணி நேரம் சண்டை போடுவாள். என் மனைவிக்கு அவளோடு பொழுது போகிறது.

நான் இதை எழுதலாமா என்று நேற்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். கடற்கரையில் சித்தப்பா என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன செய்தேன் என்று முதல்முறையாகச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அவரு கேட்டது எனக்கும் காதுல விழுந்துச்சுல்லா. நான் பக்கத்துலதான இருந்தேன்” என்றாள்.

“பொறவு நீயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சித்தி?”

காம்பை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமுமாகப் போட்டாள்.

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்லே.”